சொந்தத்துக்குள் கல்யாணம் நிறைந்த ஏழு தலைமுறை வம்சாவளி: எந்த மென்பொருள்?

அரிசிலாற்றங்கரை:
கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் நாளில் மாட்டி வைக்க ஒரு வம்சாவளிப் படம் வேண்டும். 7 தலைமுறை, சுமார் 340 பேர். அகலமான தலைமுறையில் மட்டும் 120 பேர். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன் 2 ஜோடி, அத்தை மகன் மாமன் மகள் 6 ஜோடி, இரண்டு தாரம் ஒருவருக்கு, சுவீகாரம் ஒன்று. இணையத்தில் கிடைத்த ஒன்றில் போட்டுப் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருகிறார், அச்சில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கின்றன. பெயர்கள் எக்செலில் தமிழில் தயார். விண்டோஸ் லேப்டாப். வருஷச் சந்தா மட்டும் வேண்டாம்.

வெண்ணாறு:
கிராம்ப்ஸ் (Gramps) என்ற வம்சாவளி மென்பொருளைப் போடுங்கள். இலவசம், திறமூலம், தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவது பிழை இல்லை. 'மரம்' என்று பெயர் வைத்த வரைபடம் பெரும்பாலும் மேலிருந்து கீழே கிளை பிரித்துக்கொண்டே போகும். கிளைகள் மறுபடி சேரும் என்று அதற்குத் தெரியாது. அக்கா மகள் ஒரு கிளையில் பேத்தி, இன்னொரு கிளையில் மருமகள். ஆகவே இரண்டு முறை வரைந்துவிடும், அவள் பிள்ளைகளையும் சேர்த்து. கிராம்ப்ஸிலும் டிசென்டன்ட் ட்ரீ (வாரிசு மரம்) எடுத்தால் இதே கதைதான். நீங்கள் எடுக்க வேண்டியது ரிலேஷன்ஷிப் கிராஃப் (உறவு வரைபடம்). அதில் ஆளுக்கு ஒரு கட்டம்தான், கோடுகள்தான் குறுக்கே ஓடும். தாய்மாமன் கல்யாணத்தில் கோடு ஒரு தலைமுறை தாண்டிச் சாய்வாகப் போகும்; அது சரியான படம், திருத்தப் போகாதீர்கள்.

இரண்டு தாரத்துக்கு இரண்டு 'ஃபேமிலி' பதிவு. சுவீகாரப் பிள்ளையைப் பெற்றவர் வீட்டிலும் சேருங்கள், எடுத்தவர் வீட்டிலும் சேருங்கள். இரண்டாவதில் உறவு வகையை 'அடாப்டட்' என்று மாற்றினால் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைய வைக்கலாம்.

மாயவரம்கணக்கு:
எக்செலிலிருந்து ஏற்றுவதில் மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலில் எழுத்து. எக்செலில் ஃபான்ட்டை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளி பிரித்த எழுத்தாக வைக்கும் கோப்பு) வேண்டாம், 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருக்கும். வெறும் சிஎஸ்வியில் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும், திரும்ப வராது.

அடுத்தது அமைப்பு. ஆட்கள், கல்யாணங்கள், பிள்ளைகள் என்று மூன்று பகுதி, நடுவில் ஒரு வெற்று வரி, தலைப்புகள் ஆங்கிலத்தில். மனப்பாடம் செய்ய வேண்டாம்: கிராம்ப்ஸில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரைக் கையால் போட்டு சிஎஸ்வியாக வெளியே எடுங்கள். அந்த அச்சிலேயே மீதியை ஊற்றலாம். ஆளுக்கு ஒரு எண் கட்டாயம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் பெயரை வைத்து இணைத்தால் தாத்தாவுக்கே பேரன் அப்பாவாகிவிடுவான்.

கடைசியாக இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, மென்பொருளுக்கு அது வேண்டும். சர்நேம் கட்டத்தில் 'கோ.' என்று இனிஷியலைப் போட்டு, பெயர் காட்டும் முறையை இனிஷியல் முன்னால் வரும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டு இனிஷியலையே முதன்மையாக வையுங்கள். புருஷன் இனிஷியலோடு உள்ளதை மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம். மாற்றி வைத்தால் எந்த வீட்டுப் பெண் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திருமலைராயன்:
தேதியும் ஊரும் விட்டுப்போயிற்று.

பழைய நோட்டுகளில் 'தாது வருஷம் ஆடி' என்றுதான் இருக்கும். 60 வருஷச் சுழற்சி என்பதால் தாது 1876, 1936, 1996 மூன்றுக்கும் பொருந்தும். பெற்றோர், பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள். மாதம் தெரியாமல் வருஷம் மட்டும் தெரிந்தால் 1936 என்று போடாதீர்கள். 1936 ஏப்ரல் நடுவிலிருந்து 1937 ஏப்ரல் நடு வரை என்று இடைவெளியாகக் கொடுக்கலாம், கிராம்ப்ஸ் ஏற்கும். தை மாதப் பிறப்பென்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடும், பலர் தவறுவது இங்கேதான். நட்சத்திரத்தையும் திவசத் திதியையும் தனிக் குறிப்பாக எழுதுங்கள், தேதிக் கட்டத்துக்குள் திணிக்க வேண்டாம்.

ஊருக்கு: மாயவரம் பக்கத்துக் கிராமம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. கிராமத்தை ஒரே இடமாக வைத்து மாவட்டத்தைக் கால எல்லையோடு மேலே இணைக்கலாம். ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டச்சு செய்தால் ஒரே கிராமம் நாலு ஊராகிவிடும்.

அரிசிலாற்றங்கரை:
எக்செலை மாற்றிப் பார்த்தேன், பாமினிதான். மாற்றிவிட்டேன். படத்தை ஃப்ளெக்ஸில் போடலாமா? என்ன அளவு?

வெண்ணாறு:
மேலிருந்து கீழாக வரைந்தால் கட்டத்துக்கு 4.5 செ.மீ. வைத்து 120 பேருக்கு 540 செ.மீ., கிட்டத்தட்ட 18 அடி. மாட்டச் சுவர் கிடைக்காது. கிராஃபின் திசையை இடமிருந்து வலமாக மாற்றுங்கள். கட்டம் 1.5 செ.மீ. உயரம் என்றால் 180 செ.மீ., அதாவது 6 அடி உயரம். தலைமுறைக்கு 15 செ.மீ. விட்டால் 105 செ.மீ. அகலம். 6 × 4 அடியில் அடங்கும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஃப்ளெக்ஸில் சின்ன எழுத்து ஊறிவிடும். பிறந்த தேதி, ஊர் எல்லாம் கட்டத்துக்குள் வேண்டாம். பெயர், வருஷம் போதும்.

படத்தை எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) கோப்பாக எடுத்து, இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து, எழுத்துருவை 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்பதற்கு மாற்றுங்கள். குறுக்குக் கோடுகளைக் கையால் நகர்த்த வேண்டியதும் இங்கேதான். எல்லாம் முடிந்ததும் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தையெல்லாம் வடிவமாக்கி பிடிஎஃப் எடுங்கள். அச்சுக்கடையில் அதை கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறப்பார்கள். வடிவமாக்காமல் கொடுத்தால் 'கொ' உடைந்து நிற்கும். வடிவமாக்கிய பின் பெயர்ப்பிழை திருத்த முடியாது என்பதால் அதற்கு முந்தைய கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாயவரம்கணக்கு:
காப்புப் பிரதிக்கு 'கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பேக்கேஜ்' (.gpkg) வடிவம் எடுங்கள், போட்டோவும் சேர்ந்து வரும். வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் (GEDCOM) கோப்பும் ஒன்று எடுத்து வையுங்கள், நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக அதுதான் வழி. பங்காளி வாட்ஸப் குழுவில் போடுவதற்கு முன், ஏற்றுமதிப் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை நீக்கும் தெரிவு இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள்.