கடைமடை சர்வே: வாய்மொழிக் குத்தகைக்காரரைப் பட்டியலில் கொண்டுவருவது எப்படி?

வணக்கம். காவிரி டெல்டாவில் தலைஞாயிறு, கோட்டூர் பக்கம் கடைமடைக் (வாய்க்காலின் கடைசியில் உள்ள) கிராமங்களில் பாசனத் தண்ணீர் எட்டும் நாள் பற்றி சர்வே திட்டமிடுகிறோம். 95% நம்பகத்துக்கும் 5% பிழைக்கும் 384 வீடு போதும். ஆனால் ஒரே ஊரில் பலரை எடுத்தால் பதில்கள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அதை இரட்டித்து, 32 ஊர், ஊருக்கு 24 வீடு, ஆக 768.

சிக்கல் அந்த வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில்தான். அடங்கலில் (யார் நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு) பெரும்பாலும் பட்டாதாரர் பெயரே இருக்கிறது. அவர் சென்னையில் இருப்பார், உழுபவர் வேறு. அதனால் வீடுவீடாகப் பட்டியல் எடுக்கிறோம். அங்கேயும் "குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?" என்று நேரடியாகக் கேட்டால் "இல்லைங்க" என்றுதான் வரும். 1969 குத்தகைப் பதிவுச் சட்டத்தில் குத்தகைக்காரர் பெயர் ஏறிவிடுமோ என்று நிலக்காரர் சந்தேகப்பட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. "உரம் யார் வாங்கிப் போட்டது? டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) நெல் யார் பேரில் போச்சு?" என்று சுற்றிவளைத்துக் கேட்கலாமா? இதைவிட நல்ல கேள்வி இருக்கிறதா?

அளவுகளிலும் குழப்பம். நில அளவில் மா என்றால் 33 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டை 60 கிலோவா, 40 கிலோ சிப்பமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். தண்ணீர் வந்த தேதி யாருக்கும் நினைவில்லை, "ஆடிப்பெருக்குக்கு முன்னயா, பின்னயா?" என்றால் சொல்லிவிடுகிறார்கள். குறுவைக்கு இதுபோல வேறு அடையாள நாட்கள் என்ன வைக்கலாம்?

டெல்டாவில் பட்டியல் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் உங்கள் கேள்வித்தாளில் குத்தகை பற்றிக் கேட்கும் அந்த ஒரு பக்கத்தைப் பகிர முடியுமா? நடவு தொடங்குவதற்குள் முன்சோதனையை முடிக்க வேண்டும்.