கப்பல்ல போன நண்பன் தவறிட்டான், பதினாறுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
தூத்துக்குடில ஒண்ணா படிச்சவன், 31 வருசம் கப்பல்ல இருந்தான், கடைசில போசனா (டெக் ஆளுங்களுக்குத் தலைவனா) இறங்கினான், போன வாரம் மாரடைப்புல போயிட்டான். மதினி அவனோட சிடிசி புக்க (மாலுமியோட கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம்) என் கைல குடுத்தாங்க, ஓரமெல்லாம் க்ரீஸ் கறை, பக்கம் பக்கமா கப்பல்ல சேர்ந்த, இறங்கின சைன் ஆன் சைன் ஆஃப் முத்திரை. என் கல்யாணத்துக்குக் கூட அவனால வர முடியல, ஆனா எந்த போர்ட்ல இறங்கினாலும் முதல் போன் எனக்குத்தான். பதினாறுக்கு அவனுக்குன்னு ஏதாவது செய்யணும், கப்பல்காரங்க சொல்லுங்க.

பதில் 1:
ஆழ்ந்த இரங்கல் அண்ணே. கப்பல்ல மணிய அரை மணி நேரத்துக்கு ஒரு அடின்னு கூட்டிக்கிட்டே போய், நாலு மணி நேர வாட்ச் (ஷிப்ட்) முடியும்போது எட்டு தடவை அடிப்பாங்க. இறந்த மாலுமிக்கும் அதே எட்டு அடிதான், வாட்ச் முடிஞ்சதுன்னு அர்த்தம். ரெண்டு ரெண்டா, நடுவுல சின்ன இடைவெளி விட்டு அடிங்க.

பதில் 2:
சிடிசிய பத்திரமா வைங்க. சீமென்ஸ் பிராவிடன்ட் ஃபண்ட் (மாலுமிகளோட வைப்பு நிதி) கணக்கு இருந்திருந்தா மதினி க்ளைம் போடணும், ஆபீஸ் மும்பைல.

கேட்டவர்:
வீட்டுல பழைய வெங்கல மணி ஒண்ணு இருக்கு. அவன் மகன அடிக்கச் சொல்றேன். ரொம்ப நன்றி.