ரக்பியில் ஸ்க்ரம் (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து எதிரெதிரே தள்ளுவது) சரிந்த அனுபவங்கள்: இன்னும் மனதை உறுத்துவதை எழுதுங்கள்

லூஸ்ஹெட்: 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். நடுவர் "செட்" (மோதலாம்) சொன்னதுமே எதிரணி முன்வரிசை மூன்றாம் நம்பர், எங்கள் பையனின் முதுகுச் சட்டையை விட்டுவிட்டு கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். எங்கள் ஒன்றாம் நம்பர் முகம் மண்ணில். விசில் ஊதியாச்சு. பின்னால் இரண்டாம் வரிசை லாக் இருவரும் இன்னும் தள்ளுகிறார்கள்! பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து வாயிலிருந்த புல்லைத் துப்பினான். விசிலுக்கும் தள்ளல் நின்றதற்கும் நடுவே போன நேரம்தான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

பழைய ஹூக்கர்: கையைக் குறை சொல்வது சுலபம். உங்கள் பையனின் தோள் இடுப்பைவிடக் கீழே இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அப்படி நின்றால் யார் தொட்டாலும் விழுவான். நடுவர் "க்ரவுச், டச், பாஸ், எங்கேஜ்" என்று கட்டளையிட்ட காலத்தில் ஆடியவன் நான். மோதும்போது வரும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2013இல் "க்ரவுச், பைண்ட், செட்" (குனி, சட்டையைப் பிடி, மோது) வந்த பிறகு எவ்வளவோ மேல்.

ஓரத்து ஆள்: எங்கள் ப்ராப் (முன்வரிசை ஓரத்தில் தள்ளுபவன்) காயம் பட்டு வெளியேறியதும், எடை இருக்கிறது என்று ஸ்க்ரமின் பக்கவாட்டில் ஆடும் ஒரு ஃப்ளாங்கரை அந்த இடத்துக்கு உள்ளே அனுப்பினார்கள். "நான் அங்கே ஆடினதே இல்லை சார்" என்றான். பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முன்வரிசைக்குப் பழகிய ஆள் இல்லையென்றால் தள்ளல் இல்லாத ஸ்க்ரம் கேட்க வேண்டும், அதில் வெட்கமே இல்லை. புதுப் பையனை எடுத்ததும் ஸ்க்ரம் மெஷினில் (தள்ளிப் பழகும் கருவி) விடாதீர்கள். முதலில் கை, முழங்காலை ஊன்றி முதுகை மேசை மாதிரி தட்டையாக வைக்கட்டும். தாடை நெஞ்சில் ஒட்டாமல் பார்வை மேலே. அப்புறம் ஒருவருக்கு எதிராக ஒருவர், பிறகு மூவருக்கு மூவர். எட்டுப் பேர் கடைசியில்தான். பாதம் இடுப்புக்கு ரொம்பப் பின்னால் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விழுந்தவன் கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால் தூக்கவே கூடாது. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

லூஸ்ஹெட்: @பழைய ஹூக்கர், காணொளி இருக்கிறது. இடுப்பும் தோளும் ஒரே மட்டம்தான். பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். நான் கேட்க வந்தது வேறு: விசில் கேட்டதும் எட்டுப் பேரும் தள்ளலை விடுவதற்கென்றே தனியாகப் பயிற்சி தருபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எட்டாம் நம்பர்: நாங்கள் தருகிறோம். மெஷினில் தள்ளும்போது சொல்லாமல் கொள்ளாமல் விசில் ஊதுவேன். முதல் வாரம் ஒருவனும் நிற்கவில்லை.