ஓவன்ல மீனைத் திருப்பணுமா வேணாமா

காசிமேட்டான் (ஞாயிறு, காலை 11:40)
நேத்து நைட்டு ஒரு தம்பி இங்க எழுதிக்கீறாரு. பிரெட் தூள் தடவுன மீனை ஓவன்ல வெச்சுட்டு இருபது நிமிசம் தொடவே வேணாமாம். "திருப்பவே தேவையில்லை, ரெண்டு பக்கமும் மொறுமொறு"ன்றாரு. படிச்சதுலேர்ந்து எனக்கு டீ எறங்கல. நாப்பது வருசமா கல்லுல மீன் போட்டுகினு கீறோம். எங்க ஊட்ல திருப்பாத மீன் ஒண்ணே ஒண்ணுதான், கொழம்புல கெடக்கறது. யாராவது வந்து நியாயம் சொல்லுங்கபா.

ஓடிஜி28 (11:52)
அண்ணே, பேரைச் சொல்லியே திட்டலாம், நான்தான் எழுதினேன். நீங்க கடைசி வரியை மட்டும் படிச்சிருக்கீங்க. மறுபடி சொல்றேன். கொடுவா மீன், முள்ளும் தோலும் எடுத்து விரல் தடிமனுக்கு துண்டு. துணியில ஒத்தி ஈரத்தை எடுத்துடணும். முதல்ல மைதா, அப்புறம் முட்டை, கடைசியா பிரெட் தூள். அந்தத் தூளை முன்னாடியே வாணலியில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு பொன்னிறமா வறுத்து வெச்சுக்கணும். பச்சைத் தூளா வெச்சா அது ஓவன்ல சிவக்கறதுக்குள்ள மீன் வறண்டுடும். ஓவனை 220 டிகிரியில பத்து நிமிஷம் சூடு பண்ணிட்டு, ட்ரே மேல கம்பித்தட்டு, அதுக்கு மேல மீன். 12லேர்ந்து 15 நிமிஷம். இருபது இல்ல. கம்பிக்குக் கீழேயும் சூடான காத்து போறதால திருப்ப வேண்டாம்.

காசிமேட்டான் (11:54)
பதினைஞ்சோ இருபதோ, திருப்புனியா இல்லியா?

ஓடிஜி28 (11:55)
திருப்பல.

காசிமேட்டான் (11:55)
அப்ப அடிப்பக்கம் எப்டிபா வேகும்?

ஓடிஜி28 (11:56)
அண்ணே, அதைத்தானே இவ்ளோ நேரம் எழுதினேன்.

பெரம்பூர்_பேபி (12:20)
இதுல சண்டை என்ன இருக்கு? எங்க அப்பா கேரேஜ் வொர்க்ஸ்ல, ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற பட்டறையில, வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீடு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் அவங்க வீட்ல மீன் கிரம்ப் ஃப்ரை வாசனை வந்துடும். டீக்கடைப் பொறையை, அதான் ரஸ்க் மாதிரி காஞ்ச ரொட்டியை, துணியில கட்டி பூரிக்கட்டையால தட்டுவாங்க. ஒரு பாதி நொய்யா, ஒரு பாதி மாவா. ரெண்டும் கலந்தாத்தான் பிடிக்கும்னு சொல்வாங்க. மாவு மட்டும்னா பலகை மாதிரி ஆகும், நொய் மட்டும்னா கொட்டிடும். நான் அதையே இப்ப ஓவன்ல செய்யறேன். என்கிட்ட கம்பித்தட்டு கிடையாது. ட்ரேயில எண்ணெய் தடவி ஓவன் சூடாகும்போதே உள்ள வெச்சிடுவேன். மீனை வெக்கும்போது "சொய்ங்"னு சத்தம் வரணும். வந்துச்சுன்னா அடிப்பக்கம் அப்பவே கெட்டியாயிடும். பாதியில ஒரு தடவை திருப்பிடுவேன்.

காசிமேட்டான் (12:22)
ஆங்! பேபிம்மா திருப்பறாங்க. பார்த்துக்க.

ஓடிஜி28 (12:24)
அக்காகிட்ட கம்பித்தட்டு இல்ல, அதனால திருப்பறாங்க. ட்ரேயில நேரா வெச்சா மீன்ல இருந்து வர்ற தண்ணி அடியிலயே நின்னு தூளை ஊற வெச்சிடும். அப்ப திருப்பித்தான் ஆகணும். ரெண்டும் வேற வேற.

காசிமேட்டான் (12:25)
"திருப்பித்தான் ஆகணும்." நீயே எழுதுனது. அழிக்காத.

தூயதமிழ்த்_துரை (12:41)
முதலில் மொழியைத் திருப்புங்கள். 'ஓவன்' அல்ல, வெதுப்பி. 'பிரெட் தூள்' அல்ல, ரொட்டித்தூள். சமையல் பிறகு.

காசிமேட்டான் (12:42)
வெதுப்பியோ வெளக்கெண்ணெயோ, திருப்பணுமா வேணாமா சார்?

தூயதமிழ்த்_துரை (12:50)
நான் சைவம்.

வியாசை_வாத்தியார் (பகல் 1:15)
இருபத்திரண்டு வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன், அதனால சொல்றேன். மேல்பரப்புல தண்ணி இருக்கற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியை ஒட்டியே நிக்கும். ஓவன் முள் 220னு காட்டினாலும் அதேதான். பொன்னிறமும் வறுத்த வாசனையும் வரணும்னா 140 டிகிரிக்கு மேல போகணும். அதனாலதான் மீனைத் துணியில ஒத்தறது, தூளை முன்னாடியே வறுக்கறது எல்லாம். எண்ணெய்ச் சட்டியில அந்த வேலை ஒரு நிமிஷத்துல முடியும், ஏன்னா எண்ணெய் சூட்டை உடனே கடத்தும். காத்து அப்படிக் கடத்தாது. உள்பக்கம் 63 டிகிரி வந்தா மீன் வெந்தாச்சு. அதுக்கு மேல போனா பஞ்சு. ஆக, திருப்பறதை விட முக்கியமான கேள்வி, ஈரத்தை எடுத்தீங்களாங்கறது.

காசிமேட்டான் (1:17)
வாத்தியாரே, இவ்ளோ பெரிய பாடம் எடுத்தீங்கோ. திருப்பறது பத்தி ஒரு வரி கூட காணோம்.

வியாசை_வாத்தியார் (1:30)
கடைசி வரி என்னன்னு மறுபடி படிங்க.

காசிமேட்டான் (1:31)
படிச்சேன். அதுல பதில் இல்ல. பரீச்சைல இப்டி எழுதுனா மார்க் போடுவீங்களா?

முத்துநகர்ப்_பய (1:48)
நான் இப்ப திருவொற்றியூர்ல இருக்கேன், சொந்த ஊரு தூத்துக்குடி. ஏம்ப்பா இதுக்குப் போயி கொடுவா? சீலா மீனை வட்டமா வெட்டி, தூள் தடவி வைங்க. சீலாவுல கொழுப்பு உண்டு, ஓவன்ல வெச்சாலும் காயாது.

காசிமேட்டான் (1:49)
சீலாவா? அது வஞ்சிரம்பா. மெட்ராஸுக்கு வந்தா மெட்ராஸ் பேரைச் சொல்லு.

முத்துநகர்ப்_பய (1:52)
அண்ணாச்சி, மீனு பொறந்தது கடல்லதான, மெட்ராஸ்லயா? சீலான்னுதான் சொல்லுவேன்.

காசிமேட்டான் (1:53)
கடல்ல பொறந்தாலும் ஏலம் போறது எங்க துறைமுகத்துல. பேர் வெக்கறவன் நான்தான்.

ஓடிஜி28 (2:10)
வஞ்சிரம் வட்டத்துல நடு எலும்பு இருக்கும், சுத்தித் தோல் இருக்கும். தோல் மேல தூள் பிடிக்காது, கழண்டு வரும். வெள்ளைக்காரன் இதை காட் மாதிரி குளிர்க்கடல் மீன்ல செய்யறான். கொழுப்பு கம்மி, சதை இதழ் இதழா பிரியும். அதுக்கு நம்ம பக்கத்துல கிட்ட வர்றது கொடுவாதான். சங்கராவும் பரவால்ல, ஆனா சதை கம்மி.

எண்ணூர்_எறா (2:22)
எனக்கு ஒரு சந்தேகம். மீன்பிடி தடைக்காலத்துல கடையில பாசா ஃபில்லெட், முள்ளெடுத்த துண்டு, வாங்கி செஞ்சேன். ட்ரே முழுக்க தண்ணி. தூள் எல்லாம் கஞ்சி. எதனால?

காசிமேட்டான் (2:23)
பாசா மீனே இல்ல. வியட்நாம்ல வளக்கறது. அத்த வாங்குனதுக்கு கஞ்சிதான் தண்டனை. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாள், அவ்ளோதான. முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017ல ஏத்துனாங்கோ. அந்த 61 நாள் நீ கருவாடு துன்னா கொறஞ்சா பூடுவ? இல்லாங்காட்டி ஃபைபர் போட்ல கரையோரமா புடிச்சுகினு வர்றாங்களே, கெழங்கான், நெத்திலி, அத்த வாங்கு.

ஓடிஜி28 (2:30)
எறா, பாசா பெரும்பாலும் ஃப்ரோசனாத்தான் வரும். நைட்டே ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல சல்லடை மேல வெச்சு உருக விடுங்க. காலையில உப்பு தடவி அரை மணி நேரம் கழிச்சு மறுபடி ஒத்துங்க. தண்ணி நிறைய போயிடும்.

காசிமேட்டான் (2:31)
நெத்திலின்னதும் ஞாபகம் வருது. போன ஆடி மாசம் நெத்திலிக்குத் தலை கிள்ள வேணாம்னு சொன்ன ஆளும் இதே ஓடிஜிதான். நான் பதில் கேட்டதும் "ஆபீஸ் கால்"னு சொல்லிகினு எஸ்கேப்பு. இன்னிய வரிக்கும் பதில் வரல.

ஓடிஜி28 (2:35)
அது நிஜமாவே ஆபீஸ் கால் அண்ணே.

காசிமேட்டான் (2:35)
ஞாயித்துக்கிழமையா?

பெரம்பூர்_பேபி (2:50)
சின்ன விஷயம் ஒண்ணு. இப்ப எல்லாரும் பாங்கோன்னு ஒரு பாக்கெட் வாங்கறாங்க. ஜப்பான் ரொட்டித்தூள். மாவுக்குள்ள கரண்ட் விட்டு வேக வெக்கறதால அந்த ரொட்டிக்கு மேல்தோல் கிடையாது, அதான் தூள் வெள்ளையா சீவல் மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா பொறைத்தூள் விலை என்ன, இது விலை என்ன? நம்ம ஊரு காத்துக்கு பாக்கெட்டைப் பிரிச்ச மூணாம் நாளே நமுத்துப் போகுது.

காசிமேட்டான் (2:52)
பொறை நாய்க்குப் போடறது பேபிம்மா.

பெரம்பூர்_பேபி (2:53)
எங்க நார்த் மெட்ராஸ்ல மனுஷங்களும் டீயில தொட்டுச் சாப்பிடுவாங்க.

காசிமேட்டான் (2:53)
எங்க நார்த் மெட்ராஸா? பெரம்பூர் எப்பலேர்ந்து நார்த் மெட்ராஸ்?

பெரம்பூர்_பேபி (2:54)
என்னது?

காசிமேட்டான் (2:56)
பாலத்துக்கு இந்தாண்ட கடல் காத்து அடிக்கற எடம்தான் நார்த் மெட்ராஸ். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். உங்களுது ரயில் காத்து.

பெரம்பூர்_பேபி (3:05)
1955ல ஐசிஎஃப், அதான் ரயில் பெட்டி செய்யற ஃபேக்டரி, தொறக்க நேரு வந்தது எங்க ஊருக்கு. மெட்ராஸுக்கே மேப்புல இடம் வாங்கித் தந்தது நாங்க. இன்னொண்ணு தெரியுமா? இங்கிலாந்துல ஃபிஷ் ஃபிங்கர் கடைக்கு வந்ததும் அதே 1955தான். தூள் தடவுன மீனைப் பத்திப் பேச எங்களுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கு?

காசிமேட்டான் (3:07)
நேரு ரயில் பொட்டி பாக்க வந்தாரு. மீன் பாக்க வரல.

வியாசை_வாத்தியார் (3:10)
அப்ப வியாசர்பாடி? எங்களுக்கும் கடல் காத்து இல்லையே.

காசிமேட்டான் (3:11)
வியாசர்பாடி நம்மளுது வாத்தியாரே. அதுல டவுட்டே இல்ல.

பெரம்பூர்_பேபி (3:11)
இது என்ன கணக்கு!!!

ஓடிஜி28 (3:40)
எல்லாரும் மீனுக்கு வாங்க. இப்பதான் செஞ்சு முடிச்சேன். ரெண்டு பக்கமும் கரகரன்னு இருக்கு. கத்தியால கீறினா சத்தம் கேக்குது. ஒரு விஷயம் மட்டும் சொல்ல மறந்துட்டேன். என் ஓடிஜியில, அதாவது மேடை மேல வெக்கற சின்ன கரண்ட் ஓவன்ல, ஃபேன் கிடையாது, பின்பக்கம் சூடு ஜாஸ்தி. அதனால எட்டாவது நிமிஷம் ட்ரேயை வெளிய எடுத்து முன்பக்கம் பின்பக்கமா மாத்தி வெப்பேன்.

காசிமேட்டான் (3:40)
நில்லு.

காசிமேட்டான் (3:41)
மாத்தி வெப்பியா?

காசிமேட்டான் (3:41)
அப்டின்னா திருப்புன!!! காலைலேர்ந்து ஊரையே டபாய்ச்சுகினு கீற. திருப்பலன்னு சத்தியம் பண்ணாத கொறைதான். இப்ப பார்த்தா திருப்பிக்கீற!

ஓடிஜி28 (3:43)
அண்ணே, ட்ரேயைத் திருப்பினேன். மீனைத் திருப்பல. மீன் அதே பக்கம்தான் படுத்திருக்கு.

காசிமேட்டான் (3:44)
ட்ரே திரும்புனா மேல கீற மீன் திரும்புமா திரும்பாதா? பஸ் திரும்புனா உள்ள குந்தினுகீறவன் திரும்புவானா மாட்டானா?

ஓடிஜி28 (3:45)
பஸ் திரும்பினா உள்ள இருக்கறவன் குப்புற விழுவானா?

முத்துநகர்ப்_பய (3:46)
தண்டையார்பேட்டை வளைவுல விழுவான் அண்ணாச்சி, நான் விழுந்திருக்கேன்.

காசிமேட்டான் (3:48)
வாத்தியாரே, நீங்க சொல்லுங்கோ. திரும்புச்சா இல்லியா?

வியாசை_வாத்தியார் (4:05)
அச்சைப் பொறுத்தது. செங்குத்து அச்சுல திரும்பியிருக்கு, கிடைமட்ட அச்சுல திரும்பல. ஆக ரெண்டு பேர் சொல்றதும்

வியாசை_வாத்தியார் (4:05)
பேரன் தட்டிட்டான். ரெண்டு பேர் சொல்றதும் வேற வேற விஷயம்.

காசிமேட்டான் (4:06)
"திரும்பியிருக்கு." வாத்தியார் தீர்ப்பு சொல்ட்டாரு.

ஓடிஜி28 (4:07)
அவர் சொன்னதுல பாதியைத்தான் எடுக்கறீங்க. காலையிலயும் இதையே செஞ்சீங்க.

காசிமேட்டான் (4:10)
பாதில ஒண்ணு மறைக்கறவன் நீயி. தண்டையார்பேட்டைல வளந்துட்டு ஓஎம்ஆர் ஃபிளாட்டுக்குப் போனதும் எல்லாம் மறந்துட்ட. உங்க அம்மா கல்லுல மீன் போட்டப்ப திருப்புனாங்களா இல்லியா?

ஓடிஜி28 (4:12)
அம்மாவை இழுக்காதீங்க அண்ணே. அவங்க கல்லுல போட்டாங்க, கல்லுல திருப்பித்தான் ஆகணும். நான் இப்பவும் அங்கதான் வாரம் ஒரு தடவை மீன் வாங்க வர்றேன்.

காசிமேட்டான் (4:13)
"திருப்பித்தான் ஆகணும்." ரெண்டாவது தபா.

எண்ணூர்_எறா (4:30)
முட்டைக்குப் பதிலா மயோனைஸ் தடவலாமா? வீட்ல முட்டை தீர்ந்துபோச்சு.

பெரம்பூர்_பேபி (4:33)
தடவலாம்மா, மெல்லிசா. அதுலயே எண்ணெயும் இருக்கறதால தூள் நல்லா சிவக்கும். உப்பை மட்டும் கொறைச்சுக்க. காசிமேட்டாருக்கு நான் இன்னும் பதில் எழுதி முடிக்கல. வடசென்னைத் தொகுதிக்குள்ளதான் பெரம்பூர் வருது. ஓட்டே அதுக்குத்தான் போடறோம்.

காசிமேட்டான் (4:35)
ஓட்டு போடறது வேற, மீன் வெட்றது வேற.

ஓடிஜி28 (4:50)
கடைசியா ஒண்ணு சொல்லிட்டு நான் கெளம்பறேன். அடுத்த ஞாயிறு காசிமேட்டுக்கே ஓடிஜியைத் தூக்கிட்டு வர்றேன். ஒரே கொடுவா, பாதி நீங்க கல்லுல, பாதி நான் ஓவன்ல. சாப்பிட்டுப் பேசலாம்.

காசிமேட்டான் (4:51)
வா. கல்லு என்னுது. கொடுவா நான் எடுத்து வெக்கறேன். ஆனா ட்ரேயைத் தொட்டியோ, நீ திருப்புனதா அர்த்தம்.

ஓடிஜி28 (4:52)
தொடாம எப்படி அண்ணே வெளிய எடுக்கறது?

காசிமேட்டான் (4:52)
அது உன் பிரச்சனை.

புதுவண்ணை_புதுசு (மாலை 6:15)
வணக்கம், இன்னிக்குத்தான் சேர்ந்தேன். போன வாரம்தான் ஓவன் வாங்கினோம். மீனுக்கு மசாலா தடவி எவ்வளவு நேரம் ஊற வெக்கணும்?

காசிமேட்டான் (6:16)
அது அப்பால சொல்றேன்மா. நீ திருப்புவியா, மாட்டியா?