புதுப்பிப்பு: கைசரின் (ஜெர்மன் பேரரசரின்) பேரன்களில் 1940 போரில் இறந்தவர் யார்?

ஜெர்மனியை ஆண்ட பிரஷ்ய அரச குடும்பத்து இளவரசர் ஒருவர் ஹிட்லர் படையில் போரிட்டு இறந்தார் என்று படித்தேன், அவர் யார் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, விடை கிடைத்துவிட்டது.

"பேரை விடுங்க, 1933 கல்யாணத்தைப் பிடிச்சுப் போங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அவர் இளவரசர் வில்ஹெல்ம். 1906 ஜூலை 4 அன்று போட்ஸ்டாமில், பட்டத்து இளவரசர் வில்ஹெல்முக்கும் செசிலிக்கும் மூத்த மகனாகப் பிறந்தவர், கைசர் இரண்டாம் வில்ஹெல்மின் பேரன். அரச குலத்தைச் சேராத டோரதேயா ஃபான் சால்வியாட்டியை 1933 ஜூனில் பான் நகரில் மணந்தார், அதற்காக வாரிசுரிமையையே விட்டுக்கொடுத்தார். இரண்டு மகள்கள். காலாட்படை அதிகாரியாக பிரான்ஸ் படையெடுப்பில் இருந்தவர், 1940 மே 23 அன்று வாலன்சியன் அருகே படுகாயமடைந்து, 26ஆம் தேதி பெல்ஜியத்தின் நிவெல் ஊர்க் களமருத்துவமனையில் இறந்தார்.

சிலர் சொன்ன ஆஸ்கர் வேறு ஆள், இவருடைய சித்தப்பா மகன். 1939 செப்டம்பரில் போலந்தில் இறந்தவர். தேடுபவர்கள் இந்த இருவரையும் பிரித்துப் பாருங்கள்.

நான் எதிர்பார்க்காதது இதற்குப் பிறகு நடந்ததுதான். போட்ஸ்டாமில் நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 50,000 பேர் திரண்டுவிட்டார்கள், நாஜி ஆட்சியில் யாரும் கூப்பிடாமல் இவ்வளவு கூட்டம் என்பதே பெரிய விஷயம். முடியாட்சிப் பாசம் திரும்பிவிடுமோ என்று மிரண்ட ஹிட்லர், அந்தக் குடும்பத்து இளவரசர்கள் போர்முனைக்குப் போகவே தடை போட்டார்.