மலை ஊராட்சியில் மதுக்கடை: எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா?

கேள்வி (கோத்தகிரி வட்டத்திலிருந்து):
எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி டாஸ்மாக் கடை ஒன்று இருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் திரும்பும் பெண்கள் அதைக் கடந்துதான் படியேற வேண்டியுள்ளது. மூடக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க எண்ணுகிறோம். ஒரு பகுதியில் இத்தனை கடைகள்தான் இருக்கலாம் என்று காட்டி வாதிட முடியுமா?

மறுமொழி 1 (குன்னூர்):
எண்ணிக்கையை நம்பி மனு எழுத வேண்டாம். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசமே உள்ளது. தனியாரிடம் இருப்பவை மன்றங்களுக்கான எஃப்.எல்.2, ஓட்டல்களுக்கான எஃப்.எல்.3 போன்ற உரிமங்கள்தாம். ஆகவே கடைகளைக் குறைப்பது பெரும்பாலும் அரசின் கொள்கை முடிவாகவே வருகிறது: 2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூனில் மீண்டும் 500 என மூடினார்கள், கடைசி முறை 5,329 கடைகள் 4,829 ஆயின. உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டு மதுச் சில்லறை விற்பனை விதிகளில் உள்ள தூரக் கட்டுப்பாடு. கல்வி நிறுவனத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும், உங்கள் ஊராட்சி போன்ற பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை அமையக் கூடாது. ஆனால் கடை வந்த பிறகு கட்டப்பட்ட பள்ளியையோ கோவிலையோ காட்டினால் அந்த விதி துணைக்கு வராது.

மறுமொழி 2 (கொடைக்கானல் மேல்மலை):
சட்டம் அப்படியே இருக்கட்டும், மூடியபின் நடப்பதையும் யோசியுங்கள். எங்கள் பக்கம் ஒரு கடை போனதும் குடிப்பவர்கள் ஜீப்புக்குக் கூலியில் பாதியைக் கொடுத்துக் கீழே போனார்கள். சில மாதங்களில் அந்தச் சிரமமும் தீர்ந்தது, ஏனெனில் வீட்டுக்குப் பின்புறம் சந்துக்கடை, அதாவது உரிமமில்லாமல் திருட்டுத்தனமாக மது விற்கும் இடம், முளைத்தது, பகல் 12 மணி என்ற நேரக் கட்டுப்பாடும் அதற்கு இல்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய திட்டமும் சந்துக்கடையில் வாங்கியவருக்கு எளிதில் பயன்படாது. எனவே மனுவில் சந்துக்கடைக் கண்காணிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் தொடக்கப் பள்ளி, கடைக்கு வெகுகாலம் முந்தையது. அதன் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியரிடம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்: நேர்க்கோட்டில் பள்ளி அறுபது மீட்டர் இருக்கும், படிகளில் வளைந்து ஏறினால் நூற்றைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வழியிலும் நாடா பிடித்து அளந்து, இரண்டையும் மனுவில் எழுதப் போகிறோம்.