ஒமாஹா மேசையில் பை-இன் எல்லை: மூன்று முறை மாற்றிய கதை

லண்டனில் வீட்டு ஆட்டம் நடத்துபவர்:

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை இரவில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்து பாட்-லிமிட் ஒமாஹா ஆடுகிறோம். கையில் நான்கு சீட்டு வைத்து ஆடும் போக்கர் இது; பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணம், எவ்வளவோ அவ்வளவுவரைதான் ஒரு தடவையில் கட்டலாம். பல ஆண்டுகள் இரண்டு சீட்டுப் போக்கரான ஹோல்டெம் ஆடிச் சலித்துப்போய் இதற்கு மாறியவர்கள் நாங்கள். மாறும்போது பழைய எல்லைகளையும் யோசிக்காமல் அப்படியே எடுத்து வந்துவிட்டோம். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, 1/2 பவுண்டு (சிறியது 1, பெரியது 2). பை-இன், அதாவது மேசையில் அமர வாங்க வேண்டிய தொகை, குறைந்தது 80 பவுண்டு, அதிகம் 200 பவுண்டு. பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டப்படி வீட்டில் நடக்கும் தனிப்பட்ட ஆட்டத்தில் நுழைவுக் கட்டணமும் வாங்கக் கூடாது, பாட்டிலிருந்து கழிவும் எடுக்கக் கூடாது. ஆகவே பணம் ஆட்டக்காரர்களுக்குள்ளேயேதான் சுற்றுகிறது. அதனால் எல்லையைத் தவறாக வைத்தாலும் பெரிய கேடு வராது என்று நினைத்திருந்தேன்.

முதல் சிக்கல் குறைந்தபட்சத் தொகையிலிருந்துதான் வந்தது. எங்களில் ஒருவர் எப்போதும் 80 பவுண்டு மட்டும் வாங்கி, இரண்டு ஏஸ் கிடைக்கும்வரை ஏறக்குறைய எல்லாக் கைகளையும் மடித்துவிட்டுக் காத்திருப்பார். நான்கு சீட்டில் இரண்டு ஏஸாவது வருவது சுமார் 39 கைக்கு ஒருமுறை. நாங்களே சீட்டுப் போட்டுக்கொள்ளும் மேசையில் மணிக்கு இருபது கை போவதே அதிகம் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவருக்கு அந்தக் கை வந்துவிடும். ஒருவர் 7 பவுண்டுக்கு ஏற்றி, இன்னும் இருவர் அதைக் கட்டி, ஆட்டம் பெரிய பிளைண்டில் இருக்கும் அவரிடம் வந்தால், பாட் அளவுக்கு ஏற்றி 36 பவுண்டை வைப்பார். இருவர் தொடர்ந்தால் பாட் 116 பவுண்டாகிவிடும். அவரிடம் மிஞ்சியிருப்பது 44. ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், என்ன விழுந்தாலும் அந்த 44 உள்ளே போகும். அதற்குப் பிறகு அவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. மற்றவர்களோ, அவர் பணம் தீர்ந்தபின் தங்களுக்குள் மட்டும் சேரும் பக்கப் பாட்டுக்காக ஒருவரையொருவர் அடித்து விரட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சண்டையில், அவரைத் தோற்கடித்திருக்கக்கூடிய கை பல நேரங்களில் மடிந்துவிடும். அவர் விதியை மீறவில்லை. விதியை நாங்கள் ஹோல்டெமுக்காக எழுதியிருந்தோம், அவ்வளவுதான்.

ஆகவே குறைந்தபட்சம் 200, அதிகபட்சம் 400 என்று உயர்த்தினேன். அந்த மாற்றம் அதைவிட மோசமாக முடிந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு நண்பர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் நேரடியாகவே, "அண்ணா, ஒரே இரவில் 600 பவுண்டு தோற்றதை வீட்டில் சொல்ல முடியவில்லை" என்றார். இந்த அளவிலான ஆட்டத்தை நடத்துபவர்கள் எல்லையை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

லாஸ் வேகஸுக்கு அடிக்கடிச் சென்று ஆடுபவர்:

நீங்கள் பட்டது குறைந்தபட்சத்தால் என்றால், நான் பட்டது அதிகபட்சத்தால். நான் ஆடிய ஓர் அறையில் பிளைண்ட் 5/5 டாலர். குறைந்தது 500 டாலர் வாங்க வேண்டும். அதிகபட்சமோ மேசையில் அப்போதிருக்கும் மிகப் பெரிய ஸ்டாக்குக்கு (ஒருவர் முன்னிருக்கும் மொத்தப் பணத்துக்கு) சமம். மாலையில் அந்த விதி எவருக்கும் உறுத்தவில்லை. நள்ளிரவு தாண்டியபோது உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 6,000 டாலர் சேர்ந்திருந்தது. அவருக்கு எதிரே இருந்த மற்றொருவர் உடனே அதே தொகைக்குத் தம் ஸ்டாக்கை நிரப்பிக்கொண்டார். நான் 1,000 டாலரோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒரே மேசையில் இரண்டு ஆட்டம் நடந்ததென்றே சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆட்டத்துக்கு என் ஸ்டாக் பொருட்டே இல்லை, என் ஆட்டத்துக்கு அவர்கள் ஒவ்வொரு தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) விலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் தோற்ற கையைச் சொன்னால் காரணம் விளங்கும். என் கையில் ஜாக், பத்து, ஏழு, ஆறு. ஃபிளாப்பில் ஒன்பது, எட்டு, இரண்டு. ஜாக், பத்து, ஏழு, ஆறு ஆகியவற்றில் மும்மூன்றும், குயின், ஐந்து ஆகியவற்றில் நந்நான்குமாக இருபது சீட்டுகளில் எது வந்தாலும் எனக்கு ஸ்டிரெய்ட், அதாவது வரிசையாக அடுத்தடுத்த ஐந்து சீட்டு. ஹோல்டெமில் இப்படி ஒரு நிலையைக் கனவிலும் காண முடியாது. ஆயினும் அந்த இருபதிலும் எல்லாமே நல்ல சீட்டல்ல. ஜாக்கோ பத்தோ வந்தால் ஜாக் வரையுள்ள ஸ்டிரெய்ட்தான் அமையும்; குயின் வரையுள்ளது வேறொருவரிடம் இருக்கலாம். மற்றப் பதினான்கில்தான் அப்போதைக்கு மிக உயர்ந்த ஸ்டிரெய்ட் எனக்கு அமையும்; அதையும் அடுத்த சீட்டு பறித்துவிடலாம். ஸ்டாக் சிறியதாக இருந்தால் ஃபிளாப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு, டர்ன், ரிவர் எனப்படும் மீதி இரண்டு பொதுச் சீட்டையும் பார்த்துவிடலாம். ஸ்டாக் ஆழமாக, அதாவது பிளைண்டைவிடப் பல மடங்கு பெரிதாக, ஆக, கிடைத்த ஸ்டிரெய்ட் பறிபோகுமா என்ற கேள்விக்கு டர்னிலும் ரிவரிலும் மீண்டும் மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் நண்பர்கள் 400 பவுண்டு எல்லையில் நின்று தோற்றதும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு நான் ஆடிய வேறோர் அறையில், மிகப் பெரிய ஸ்டாக்கில் பாதிவரை வாங்கலாம் என்றிருந்தது. அது எனக்கு நியாயமாகப் பட்டது. தோற்றவர் மீண்டு வர வழி இருக்கிறது, ஆனால் ஒரு கையின் முடிவால் மேசை முழுவதும் இரண்டு மடங்கு ஆழமாகிவிடுவதில்லை.

முன்பு லண்டன் கேசினோ ஒன்றில் டீலராக இருந்தவர்:

முதலில் எழுதியவருக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். எட்டு ஆண்டுகள் சீட்டுப் போட்டதில் என் கைக்குப் பழகிய கணக்கு இது. பாட் அளவுக்கு ஒருவர் கட்டி, எதிராளி ஒருவர் மட்டும் தொடர்ந்தால், பாட் ஒவ்வொரு தெருவிலும் மூன்று மடங்காகும். 1/2 ஆட்டத்தில் நால்வர் தலைக்கு 7 பவுண்டு வைத்து ஃபிளாப் பார்த்தால் பாட் 28. அங்கிருந்து 84, பிறகு 252. ரிவர்வரை முழுப் பாட் கட்ட ஒருவருக்கு 7, 28, 84, 252 என்று மொத்தம் 371 பவுண்டு வேண்டும். 200 பவுண்டோடு அமர்ந்தவர் டர்னில் கட்டியபின் 81 பவுண்டோடு ரிவருக்கு வருவார்; அது நல்ல ஆட்டம்தான். ஆனால் ஃபிளாப்புக்கு முன்னரே ஒருவர் 7, மற்றவர் 24, முதலாமவர் மீண்டும் 75 என்று ஏற்ற, மற்றவரும் தொடர்ந்துவிட்டால், பாட் 153, கையில் 125. ஆட்டம் ஃபிளாப்பிலேயே முடிந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு, பிளைண்டை முதலில் முடிவுசெய்து அதன் நூறு மடங்கை பை-இன் ஆக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. வருகிறவர் ஒரு இரவில் மனம் நோகாமல் எவ்வளவு இழக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். ஒமாஹாவில் இரண்டு ஏஸ் வைத்திருப்பவர்கூட, இரட்டை சூட்டில் (இரண்டு சின்னங்களில் இரண்டிரண்டாக) அடுத்தடுத்து அமைந்த நான்கு சீட்டுக்கு எதிராக ஏறக்குறைய 60-க்கு 40 என்ற நிலையில்தான் இருப்பார். ஆகவே ஒழுங்காக ஆடுபவரும் ஓர் இரவில் மூன்று முறை வாங்க நேரிடும். இழக்கக்கூடிய தொகையை மூன்றால் வகுத்தால் வருவதே உங்கள் பை-இன். பிளைண்டை அதற்குக் கீழே பொருத்துங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். வென்ற பணத்தோடு எழுந்து போய், அரை மணி கழித்துக் குறைந்தபட்சத் தொகையோடு திரும்பி வந்து அமர்வதை அனுமதிக்காதீர்கள். எடுத்துச் சென்ற தொகையோடுதான் திரும்ப வேண்டும். கேசினோக்களில் இதற்குக் கால வரம்பு இடத்துக்கு இடம் மாறும். வீட்டில் அந்த இரவு முழுவதும் என்று வைத்துக்கொண்டால் வாதமே எழாது. இரண்டாவது, ஸ்ட்ராடில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் தாமாக வைக்கும் கூடுதல் பிளைண்ட். நான் சீட்டுப் போட்ட மேசைகளில் எல்லையைச் சத்தமில்லாமல் மாற்றியது இதுதான். எழுதி ஒட்டிய எல்லை அப்படியே இருக்கும். பெரிய பிளைண்டைப் போல இரு மடங்கு ஸ்ட்ராடில் விழுந்ததும், நூறு பிளைண்டு ஆழம் என்று நினைத்து அமர்ந்தவர் உண்மையில் ஐம்பதோடு ஆடிக்கொண்டிருப்பார்.

லண்டனில் வீட்டு ஆட்டம் நடத்துபவர்:

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கை அப்படியே போட்டுப் பார்த்தேன். எங்களில் மிகக் குறைவாகச் சொன்னவர் ஓர் இரவுக்கு 300 பவுண்டு என்றார். மூன்றால் வகுத்தால் 100. பிளைண்டை 1/1 ஆக்கினோம். குறைந்தது 100, அதிகம் 200. நால்வர் தலைக்கு 4 பவுண்டு வைத்து ஃபிளாப் பார்த்தால் 4, 16, 48, 144 என்று 212 பவுண்டு வருகிறது. அதாவது 200 பவுண்டோடு அமர்ந்தவர் ஏறக்குறைய ரிவர்வரை முழுப் பாட் கட்டிவிடலாம். முன்பு 400 பவுண்டுக்கு வாங்கிய ஆழத்தை இப்போது பாதிப் பணத்துக்குத் தருகிறோம் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது; இவ்வளவு எளிய வழியை விட்டுவிட்டு எல்லையையே மாற்றி மாற்றிக் கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின், மிகப் பெரிய ஸ்டாக்கில் பாதி 200 பவுண்டைத் தாண்டினால், அந்த அளவுவரை நிரப்பிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்திருக்கிறோம். வேகஸ் நண்பருக்கு நன்றி. கைகளுக்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம், சீட்டு விழுந்தபின் கூடாது. ஸ்ட்ராடிலை நிறுத்த ஐவர் ஒப்புக்கொண்டார்கள், மூவர் முணுமுணுத்தார்கள்.

80 பவுண்டு நண்பர் இப்போது 100 பவுண்டோடு அமர்கிறார். போன வெள்ளியன்று ஏஸ் இரண்டோடு 4 பவுண்டுக்கு ஏற்றினார்; மூவர் தொடர்ந்தோம். ஃபிளாப்பில் 16 கட்டினார், நான் மட்டும் தொடர்ந்தேன். டர்னில் மூன்றாவது இஸ்பேட் விழுந்தது (கையில் இரண்டு இஸ்பேட் இருப்பவர் அவரை வென்றுவிடுவார்); நான் கட்டினேன். கையில் 80 பவுண்டை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. கடைசியில் மடித்துவிட்டார். என்னிடம் இஸ்பேட் இருந்ததா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.